ஒக்கூர்க் கிணற்றுப் பெரணி

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. பெரணி (ஃபெர்ன்) அலமாரியை இறக்க ஆரம்பித்தேன். ஆறு தட்டு. பாச்சா உருண்டை வாசம் கையைவிட்டுப் போகவில்லை, மத்தியானச் சோற்றில்கூட.

பிரின்சிபால் சொன்னது: "மூணு வாரத்துல இத ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவாங்க. இல்லாட்டி பல்கலைக்கழகத்துக்குக் குடுத்துருவோம். அந்த ரூம்ல கம்ப்யூட்டர் போடணும்." என்னிடம் சொல்லவில்லை. கவிதா மேடத்திடம் சொன்னார். நான் பக்கத்தில் மைக்ரோஸ்கோப் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கவிதா மேடம் (இனி க.மே.) எங்கள் கல்லூரிக்குத் தாவரவியல் எடுக்க வந்து இரண்டு வருஷம். சின்ன வயசு, வேகம். நான் இந்த லேபில் உதவியாளராக இருபத்தொன்பது வருஷம். பட்டம் இல்லை, பிளஸ் டூதான். ஆனால் எந்தக் காய்ந்த செடி எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அந்தக் கர்வமும் இன்றோடு போச்சு. க.மே. புது வரிசை ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார். எல்லாம் இடம் மாறுகிறது.

"பழைய வரிசை கண்ணால பாத்துப் போட்டது மேரிம்மா. இது டிஎன்ஏ பாத்துப் போட்டது."

வாங்க வேண்டியது: சின்ன வெங்காயம், இவருக்குக் கண் சொட்டு மருந்து, பசை டப்பா (லேபுக்கு).

அக்டோபர் 16, புதன்

விடியக்காலையில் நல்ல மழை, அரை மணி நேரம். மாடியில் காயப்போட்ட வற்றல் போச்சு.

புது வரிசை எனக்குப் புரிகிற மாதிரி:

லைகோபோடியம், செலாஜினெல்லா. இத்தனை நாள் பெரணிக்குப் பங்காளி என்று ஒரே அலமாரியில். இனி வெளியே. தனி அட்டைப்பெட்டி.

ஈக்விசிட்டம். கணுக்கணுவாகக் குச்சி. பெரணி மாதிரியே இருக்காது. ஆனால் பெரணிதானாம். உள்ளே.

சைலோட்டம். வேர் கிடையாது, இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் பச்சை விளக்குமாறு. நிலத்துக்கு முதன்முதலில் ஏறிய செடிகளின் மிச்சம் என்று எங்கள் கல்லூரியின் பழைய தாவரவியல் வாத்தியார் ராஜமாணிக்கம் சார் பாடம் எடுப்பார். அதனால் செடி ஒட்டிய தாள்களில் அதுதான் முதல் தட்டில் முதல் தாள். இப்போது பார்த்தால் அது பழசே இல்லை, வேரையும் இலையையும் பின்னாடி தொலைத்தது. ஓஃபியோகிளாசத்துக்குக் கூடப்பிறந்தது. அதுவோ ஒற்றை இலை, ஒற்றைக் கதிர். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் வைத்து லென்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு ஜாடையும் தெரியவில்லை.

மார்சிலியா (நம் ஆரைக்கீரை), சால்வீனியா, அசோலா. தண்ணீர்ப் பெரணி மூன்றும் ஒரு வீடு.

பாக்கி பெருங்கூட்டம் எல்லாம் கடைசி இரண்டு தட்டு.

இன்றைக்குக் கேட்டதில் நம்பவே முடியாதது: பெரணிக்கு லைகோபோடியத்தைவிட மாமரம் கிட்டத்து உறவு. க.மே. சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், அந்த புத்தி போகாது. "அப்ப இத்தன வருசமா நீங்க எல்லாரும் தப்பு வீட்டுல டெலிவரி பண்ணியிருக்கீக."

அக்டோபர் 17, வியாழன்

சந்தையில் கீரைக்காரி ஆரைக்கீரைக் கட்டும் புளியாரைக் கட்டும் பக்கம் பக்கமாக வைத்திருந்தாள். "ரெண்டும் அக்கா தங்கச்சி" என்றாள்.

இல்லை, ஆரை பெரணி, அது பூக்காது. புளியாரை பூக்கும், வேற சாதி என்றேன்.

"பூக்காதா? அப்ப எப்புடி வெதை?"

விதை இல்லை, அடியில் பயறு மாதிரி ஒன்று இருக்கும், அதற்குள் தூள் இருக்கும் என்றேன். ஒரு கட்டைப் பிரித்துக் கவிழ்த்துத் தேடினாள். கிடைக்கவில்லை. பறிக்கிறவர்கள் கிள்ளியல்லவா வருகிறார்கள்.

"நாலு எலை இருந்தா ஆரை, மூணு இருந்தா புளியாரை. இதுக்கு எதுக்கு இம்புட்டு?"

அதுவும் ஒரு வகைப்பாடுதான். அவள் வேலைக்கு அது போதும். ஆரைக்கீரை பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. இவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், பெரணி என்று தெரிந்தும்.

அக்டோபர் 19, சனி

அரை நாள். வெயில்.

ஐந்தாம் தட்டின் அடியில், மடித்த பழுப்புக் காகிதத்துக்குள் ஒரு தாள். மேலே "சரிபார்க்க" என்று ராஜமாணிக்கம் சார் கையெழுத்து. இத்தனை வருஷத்தில் நான் பிரித்ததே இல்லை. சார் 'சரிபார்க்க' என்று எழுதினால் யாரும் தொடக்கூடாது, அப்படியே பழக்கம். சார் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இன்று பிரித்தேன்.

விரல் நீளம்தான். வெங்காயச் சருகு மாதிரி. செய்தித்தாள் மேல் பிடித்தால் அடியிலுள்ள எழுத்தைப் படிக்கலாம். ஜவ்வுப் பெரணி, ஹைமனோபில்லம். இலை ஒரே ஒரு செல் கனம். ஓடைச் சாரல் படுகிற மலைப்பாறையில் வரும், காற்று கொஞ்சம் காய்ந்தால் சுருண்டுவிடும்.

லேபிளில்: "ஒக்கூர். வீட்டுக் கிணறு, உள்சுவர். மே மாதம். சேகரித்தவர்: சித. மீ."

ஒக்கூரா! கோடை வெயிலில் தார் உருகுகிற ஊரில்.

லேபிளுக்குக் கீழே சார் ஒட்டிய சீட்டு மூன்று:

"கிணற்றில் இறங்கிப் பார்த்தேன். இல்லை."

"மழைக்காலத்தில் மறுபடியும். நீர் ஏறிவிட்டது. இல்லை."

"மூன்றாம் முறை. இல்லை. இருந்திருக்க வேண்டும்."

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வந்து "பூட்டணும்மா" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. லேப் ஜன்னல் ஒழுகுகிறது, வாளி வைத்தாச்சு.

க.மே. தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியருக்குப் போன் போட்டார். வெளியூர்க்காரர், பெரணி மட்டுமே பார்க்கிறவர். ஸ்பீக்கரில் கேட்டேன். முதலில் சிரித்தார். "மே மாசம், செட்டிநாட்டுலயா? லேபிள் மாறியிருக்கும் மேடம். சகஜம்."

எனக்குக் கோபம். சார் லேபில் லேபிள் மாறாது என்று நடுவில் சொல்லிவிட்டேன்.  பிறகு அவரே, "ஆழக் கிணத்துக்குள்ள எப்பவும் ஒரே குளிர்ச்சி இருக்கும். மலையில இருக்கவேண்டியது கிணத்துச் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்லமாட்டேன். ஸ்போர்த் தூள் காத்துல எவ்வளவு தூரம் வேணாலும் போகும்" என்றார்.

அந்தத் தாளையும், சித. மீ. அந்த மாதம் எடுத்த மற்றத் தாள்களையும் படம் எடுத்து அனுப்பினோம். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். குரலே மாறிவிட்டது. அந்த மாதத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் அதே மை, அதே காகிதம், அதே கையெழுத்து. லேபிள் மாறவில்லை. "எடுத்தவங்களைக் கண்டுபிடிங்க. கிணத்துலதான் எடுத்தேன்னு சொல்லிட்டா நான் கட்டுரை எழுதிடறேன். அவங்க பேரோட."

க.மே. ஓடிப்போய் பிரின்சிபாலிடம் சொன்னார். "அப்படி அரிய தாள் இருக்கா? அப்ப அலமாரி இங்கயே இருக்கட்டும்" என்றாராம். இன்று க.மே. எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 24, வியாழன்

'சித.' என்று இனிஷியல் வந்தால் நகரத்தார் வீடு. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது: சித. மீனாள், ஒக்கூர். இரண்டாம் வருஷத்தோடு பெயர் நிற்கிறது. பக்கத்தில் பென்சிலில், "திருமணம்".

இவரிடம் சொன்னதும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். ஒக்கூர்த் தபாலம்மாவிடம் பேசினார், ஆபீஸில் இருந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பத்து நிமிஷத்தில் விலாசம் வந்தது. ஒக்கூர் வீடு பூட்டிக் கிடக்கிறது, காவலுக்கு ஒருத்தர். மீனாளாச்சி காரைக்குடியிலேயே இருக்கிறார். செக்காலையில் எங்கள் கோயிலைத் தாண்டி மூன்றாவது தெரு! ஒருவேளை இருபது வருஷமாக ஒரே கடையில் காய் வாங்கியிருப்போம்.

அக்டோபர் 26, சனி

மீனாளாச்சியைப் பார்த்தேன்.

அறுபத்தைந்து, அறுபத்தாறு வயது. கட்டை முடி. முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டே பேசினார். "பேசுங்க, நான் எண்ணிக்கிட்டே கேப்பேன். நிறுத்துனா பிசியோகாரப் பிள்ளை திட்டும். பதினொண்ணு."

கல்லூரி லேபிலிருந்து வருகிறேன், உங்கள் தாள்கள் இன்னும் இருக்கின்றன என்றேன். சந்தோஷப்பட்டார். கொடைக்கானல் டூர், சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறை ஏறியது, ஒரு பெண்ணுக்கு அட்டை கடித்தது, எல்லாம் சொன்னார். செடிப் பெயர்கூட ஞாபகம் வைத்திருந்தார். "அடியாண்டம். டெரிஸ். சார் டெரிஸ்ல ஆரம்பத்துல ஒரு பி வரும்னு போர்டுல எழுதிக் காட்டுவாக, அத வாயால சொல்லக்கூடாதும்பாக. பதினெட்டு."

ஜவ்வுப் பெரணியின் படத்தைப் போனில் காட்டினேன்.

எண்ணிக்கை நின்றது.

"அது நானில்லைங்க."

சித. மீ. என்று இருக்கிறதே ஆச்சி.

"எத்தன மீனாள் இருப்பாக. எனக்கு ஞாபகமில்லை." பிறகு, "ஒக்கூர் வீட்டுக் கெணத்துக்கெல்லாம் போகாதீக. பாம்பு கெடக்கு."

காபி வந்தது. குடித்துவிட்டு வந்தேன். பேராசிரியர் உங்கள் பெயரோடு எழுதப்போகிறார் என்பதை மட்டும் வாசலில் நின்று சொன்னேன். தலையாட்டினார். திரும்பவும் எண்ணுகிற சத்தம் கேட்கவில்லை.

ஏதோ இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. இவர் சொல்கிறார், "வாங்க மாட்டேன்னு சொல்ற தபால்லதான் விசயம் இருக்கும்."

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து அதிரசம், முறுக்கு. வெடிக்கிடையில் தூறல். லீவு.

க.மே. அனுப்பிய பாடத்தை உட்கார்ந்து படித்தேன். பெரணி என்றால் எல்லாமே பூச்செடிக்கு முந்தியது என்று நினைத்திருந்தேன். குலம் முந்தியதுதான், டைனோசருக்கும் முந்தியது. ஆனால் இன்று இருக்கிற வகைகளில் பெரும்பாலானவை பூக்கிற மரங்கள் வந்து காட்டை நிழலாக்கிய பிறகு கிளைத்தவை. இருட்டிப்போச்சே என்று சாகவில்லை. இருட்டில் வாழப் பழகி, அங்கேயே பெருகிவிட்டன.

அதற்கும் ஒரு உதவி. மங்கல் வெளிச்சத்தை உணர்கிற ஒரு ஜீன் பெரணியிடம் இருக்கிறது. அது அதன் சொந்தச் சொத்து இல்லை. தரையோடு கிடக்கிற கொம்புப் பாசி என்கிற ஒரு சின்னச் செடியிடமிருந்து எப்படியோ தாவி வந்திருக்கிறது. தாய் வழியும் இல்லை, தகப்பன் வழியும் இல்லை. பக்கத்து வீட்டு வழி. எப்படி என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். இரண்டு தரம் படித்தேன். இதையெல்லாம் சார் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

அசோலாவுக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது, காற்றிலிருந்து உரம் செய்து கொடுக்கிறது. இவர் தங்கச்சி வீட்டு மாட்டுக்கு அதைத்தான் தொட்டியில் வளர்க்கிறார்கள்.

சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கடை உண்டா?

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அம்மா, அப்பா கல்லறையில் பூ, மெழுகுவர்த்தி. காற்றில் நாலு முறை அணைந்தது. மதில் சுவரில் காரை பெயர்ந்த இடமெல்லாம் மயில்சிகைப் பெரணி, சின்னச் சின்ன விசிறியாக. வெயிலில் சுருண்டு செத்த மாதிரி கிடக்கும், மழை பட்டதும் விரியும். ஜெபத்துக்கு நடுவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போன். மீனாளாச்சி. "நாளைக்கு வாரீகளா? தனியா வாங்க."

நவம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து நேராகப் போனேன். இன்றைக்கு உடற்பயிற்சி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காபியும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் சொன்னார்.

"அத நான்தான் எடுத்தேன். ஒக்கூர்ல இல்லை. கொடைக்கானல்ல. டூர் போனப்ப ஓடைக்கரைப் பாறையில. ஒரு துண்டு கூடுதலா, செடிய அழுத்திக் காயவைக்கிற என் பிரஸ்ல கெடந்துச்சு."

பிறகு கோடை லீவுக்கு ஒவ்வொருவரும் சொந்த ஊரில் ஐந்து பெரணி எடுத்து வரவேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். ஒக்கூரில், மே மாதத்தில், ஐந்து எங்கே? ஆச்சிக்குக் கிடைத்தது கிணற்றுச் சுவரில் இரண்டு, ஊரணிக் கரையில் ஆரை. எல்லோரும் கொண்டுவருகிற அதே மூன்று.

"எனக்கு அப்ப ஏதாவது பெருசாச் செய்யணும்னு வெறி. வீட்டுல ஜாதகம் பாக்க ஆரம்பிச்சுட்டாக. இன்னும் எத்தன நாள் காலேஜுன்னு தெரியாது. அந்தத் துண்ட எடுத்து ஒட்டி, ஒக்கூருன்னு எழுதிட்டேன். சார் பாத்தாக பாருங்க. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் தூக்கிப் பிடிச்சாக. 'மீனாள் கண்ணு பெரணிக்கண்ணு'ன்னாக. அந்த ஒரு வாரம் நான் ராணி. அப்புறம் எப்புடிச் சொல்றது? தை மாசம் கல்யாணம். போயிட்டேன்."

பிறகு அவரே கேட்டார்.

"இப்ப இத வெளிய சொல்லித்தான் ஆகணுமா? யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கு அலமாரி ஞாபகம் வந்தது. இந்தத் தாள் பொய் என்றால் அலமாரி போகும். நான் சும்மா இருந்துவிட்டால் ஆச்சிக்கும் பெயர், எங்களுக்கும் அலமாரி. ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அப்புறம் போனில் தாளின் கீழ்ப்பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சாரின் மூன்று சீட்டு.

கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டார். படித்தார். மறுபடி படித்தார்.

"ஒரு தடவ வந்தது தெரியும். அப்ப என் வயித்துல மூத்தவ. எங்கப்பச்சி கடுதாசி எழுதியிருந்தாக. ஒங்க வாத்தியார் வந்தாக, கயிறு கட்டிக் கெணத்துல எறக்கிவிட்டோம், என்னமோ செடி தேடுனாக, மேல வந்து ஒங்க பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரின்னு சொல்லிட்டுப் போனாகன்னு. அதக் கிழிச்சுப் போட்டேன். மூணு தடவையா? மூணு தடவ எறங்குனாகளா?"

அழவில்லை. ஆபரேஷன் காலைக் கையால் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, போனது, திரும்ப வந்தது. சார் வேட்டி கட்டிய மனிதர். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஈரச் சுவரில் விரலால் தடவித் தடவித் தேடுவது கண்ணில் வந்து நிற்கிறது. மூன்று முறை இல்லை என்று எழுதினவர், அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருக்கும் என்று ஒருமுறைகூட எழுதவில்லை.

கிளம்பும்போது சொன்னேன்: "நாளைக்கு அவங்ககிட்ட சொல்லிருவேன் ஆச்சி. ஒங்க பேரு சொல்லாமச் சொல்றேன்."

"பேரு இல்லாம எப்புடிச் சொல்லுவீக? தாள்ல என் பேருதான இருக்கு."

நவம்பர் 4, திங்கள்

சொன்னேன். க.மே. முகம் விழுந்துவிட்டது. பிறகு மெதுவாக, "நல்லவேளை மேரிம்மா, இப்பவே தெரிஞ்சது" என்றார்.

பேராசிரியர் போனில் பெருமூச்சு விட்டது கேட்டது. கட்டுரை பாதி எழுதிவிட்டாராம். "மே மாசம்னு பாத்ததும் தப்பா இருக்கும்னு முதல்ல எனக்குத் தோணுச்சு. அப்புறம் ஆசை வந்துருச்சு. ஆசை வந்தா கண்ணு மறைச்சிரும்." கோபம் இல்லை. லேபிள் தவறு என்று ஒரு வரி எழுதிவிடலாம், அந்த அம்மா பெயர் வேண்டாம் என்றார். தாளைத் தூக்கி எறிய வேண்டாம், கொடைக்கானல் தாளாக அது நல்ல தாள், அதற்கும் மதிப்பு உண்டு என்றும் சொன்னார்.

பிரின்சிபால்: "அப்ப அரிய தாள் இல்லையா?" க.மே. "வரிசை முடிஞ்சிருச்சு சார், வந்து ஒருதரம் பாருங்க" என்று கூட்டி வந்தார். ஆறு தட்டையும் திறந்து காட்டினேன். மாமரம் விஷயத்தைச் சொன்னேன். "நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார். கடைசியில் முடிவு: கம்ப்யூட்டர் வருவது வருவதுதான். அலமாரி மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஸ்டோர் ரூமுக்குப் போகும். ஊரைவிட்டுப் போகாது.

ஸ்டோர் ரூமில் ஈரம் உண்டா என்று மழையில் போய்ப் பார்த்தேன். இல்லை. கரையான் மருந்து மட்டும் அடிக்க வேண்டும்.

நவம்பர் 6, புதன்

பதினொரு மணிக்கு லேப் வாசலில் ஆட்டோ. மீனாளாச்சி, கையில் ஊன்றுகோல். சொல்லாமல் வந்துவிட்டார்.

"அந்தத் தாள எடுங்க மேரி. பழைய லேபிளக் கிழிக்கணுமா?"

கிழிக்கக்கூடாது என்றேன். தப்பானாலும் பழையது அப்படியே இருக்கும். திருத்தம் தனிச் சீட்டில், பக்கத்தில். அதுதான் வழக்கம். 

பேனா வாங்கி அவர் கையாலேயே எழுதினார்: "இது ஒக்கூரில் எடுத்ததல்ல. கொடைக்கானல், ஓடைக்கரைப் பாறை. ஊரை மாற்றி எழுதியது நானே. சித. மீனாள்." இன்றைய தேதி. நான் பசை தடவினேன், அவர் ஒட்டினார், சாரின் மூன்றாவது சீட்டுக்கு நேர் கீழே. விரல் அந்தச் சீட்டு மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

க.மே. பேச்சை மாற்ற, புது வரிசையைக் காட்டினார். ஆச்சிக்குக் கண் விரிந்துவிட்டது. "சைலோட்டம் எங்க போச்சு? அதான முதல் கேள்வி, எப்பவும் பரிச்சையில வருமே!" ஓஃபியோகிளாசத்துப் பக்கத்தில் இருப்பதைக் காட்டியதும், "அடேயப்பா, இதுவும் அதுவுமா?" லென்ஸை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். சரியாகப் பிடித்தார், எங்கள் பிள்ளைகள் மாதிரி தூரத்தில் வைத்து அல்ல. மத்தியானம் வரை போகவில்லை. என் தயிர்சாதத்தில் பாதி அவருக்கு.

ஆட்டோவில் ஏறும்போது: "சனிக்கிழமை ஒக்கூர் போவமா? கெணத்துல நெசமா என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

பாம்பு?

"பாம்பெல்லாம் இல்லை. சும்மா சொன்னேன்."

நவம்பர் 9, சனி

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில். ஆச்சி, நான், இவர் (கூட வருவேன் என்று அடம்). காரில் ஒக்கூர். தபாலம்மா தெருமுனையில் நின்று இவருக்குக் கை காட்டியது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் காளிமுத்து. "வாங்க ஆச்சி, வாங்க. அங்குட்டு வழுக்கும், இங்குட்டு வாங்க." கிணறு பின்கட்டில். நல்ல ஆழம், செங்கல் சுற்று. உள்ளே இருட்டு. காளிமுத்து ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தார். வெளிச்ச வட்டம் சுவரில் நகர நகர நான் எழுதினேன்:

அடியாண்டம், நிறைய, வடக்குச் சுவரில்.
டெரிஸ் இரண்டு புதர். சுண்ணாம்புக் காரை உள்ள இடத்தில் மட்டும்.
தண்ணீருக்குப் பக்கத்தில் கிறிஸ்டெல்லாவாக இருக்கலாம். சரிபார்க்க.
ஜவ்வுப் பெரணி இல்லை.

ஆச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து கடைசி வரை பார்த்தார். "இவ்வளவு ஆழத்துலயா சார் எறங்குனாக" என்று மட்டும் கேட்டார். காளிமுத்துவுக்கு எந்த சார் என்று புரியவில்லை.

திரும்பும்போதுதான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈர மண்ணில், புல்லோடு புல்லாக. இவர் கால் வைக்கப் போனார். நான் கத்திவிட்டேன். விரல் நகம் அகலத்தில் ஒற்றை இலை, அதன் மடியிலிருந்து ஒரு கதிர், இரண்டு பக்கமும் மணி கோத்து, பையின் ஜிப் மாதிரி. ஒன்றல்ல, முப்பது நாற்பது. ஓஃபியோகிளாசம்! தாளில் மட்டும் பார்த்தது. உயிரோடு இதுதான் முதல் தடவை.

காளிமுத்து: "இதா? மழை பேஞ்சா பத்து நாள் இருக்கும். அப்புறம் ஆளக் காணோம். வருசா வருசம் வரும்." அவர் அப்பா காலத்திலிருந்தே வருகிறதாம்.

ஆச்சிக்குக் குனிய முடியாது. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஒன்றை வேரோடு எடுத்துக் கையில் கொடுத்தேன். இதன் குடும்பத்தில் ஒன்றுக்கு ஒரு செல்லில் ஆயிரத்துக்கும் மேல் குரோமோசோம், இதுவரை எண்ணிய வேறு எந்தச் செடியிலும் அவ்வளவு இல்லை, நமக்கு நாற்பத்தாறுதான் என்றேன். க.மே. சொல்லிக் கொடுத்தது. இவர், "இம்புட்டூண்டு கவருக்குள்ள அம்புட்டு லெட்டரா?" என்றார்.

"நான் லீவுக்கு வந்ததெல்லாம் மே மாசம். மழையில நான் இங்க இருந்ததே இல்லை" என்றார் ஆச்சி.  கதிரைத் தட்டினார். மஞ்சள் தூள் உள்ளங்கையில் விழுந்தது. துடைக்காமல் வைத்துக்கொண்டார்.

மூன்று செடி மட்டும் எடுத்தோம். மற்றதை விட்டாச்சு. காளிமுத்துவிடம் அங்கே செருப்புக் காலோடு போகவேண்டாம் என்று சொல்லி, சுற்றி நாலு செங்கல் வைத்தோம்.

சாயங்காலம் ஆச்சி வீட்டு மேஜையில் லேபிள். அவர் எழுதினார், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. ஒக்கூர். வீட்டுப் பின்கட்டு, துவைகல் அருகே, ஈர மண். நவம்பர். சேகரித்தவர்: சித. மீனாள். கமா போட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க இனிஷியல் என்ன மேரி?"

இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தாள் ஒட்டியிருப்பேன். யாரும் கேட்டதில்லை. ரேஷன் கார்டில் இவர் பெயர், சர்வீஸ் புத்தகத்தில் அப்பா பெயர். இவரைப் பார்த்தேன். "ஒன் இஷ்டம்" என்றார்.

அப்பா பெயரைச் சொன்னேன். ச. அருள்மேரி என்று எழுதினார்.

செடி பிரஸ்ஸில். மண் ஈரம் அதிகம், நாளைக் காலை காகிதம் மாற்ற வேண்டும். மறுநாளும்.